சுரைக்காயில் பழகிய கத்தி

மருத்துவம் பாதி படிப்பு, பாதி கைவேலை. கையில் நாளம் எங்கே ஓடுகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீர்வற்றிச் சுருங்கிய ஒரு கிழவியின் கையில் அதைத் தடவிக் கண்டுபிடித்து ஊசியைச் சரிவாக ஏற்றுவது வேறு காரியம். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது படியும். தச்சர் பழகினால் பலகை பாழாகும், தையற்காரர் பழகினால் துணி பாழாகும். மருத்துவர் பழகும்போது பாழாவது எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை வைத்திருந்தது. நோயாளியின் இடத்தில் காய், தோல், பொம்மை, நடிகர், கணினி என ஏதேனும் ஒன்றை வைத்துச் சிகிச்சையை நிசமாகவே நடத்திப் பார்ப்பது அவ்விடைகளுள் ஒன்று. பாவனைப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். மருத்துவக் கல்லூரிகளில் அதன் பெயர் ‘சிமுலேஷன்’; அது நடக்கும் அறை ‘ஸ்கில்ஸ் லேப்’; அங்கே படுத்திருக்கும் உருவம் ‘மேனிகின்’, அல்லது வெறும் ‘டம்மி’.

இதைப் பற்றிய பழைய விரிவான சான்று சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. பல கைகள் பட்டு, பொது ஆண்டின் முதல் சில நூற்றாண்டுகளுக்குள் இன்றைய வடிவுக்கு அருகில் வந்துவிட்டதாகக் கருதப்படும் நூல் அது. அதன் சூத்திரத்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் கைப்பழக்கம் பற்றியது. எவ்வளவு கற்றிருந்தாலும் பழகாதவன் செயலுக்கு ஆகமாட்டான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, எதை எதில் பழகுவது என்று நூல் வரிசைப்படுத்துகிறது. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி, தர்பூசணி. பிளந்து பழக நீரும் சேறும் நிரப்பிய தோற்பைகள். சுரண்டிப் பழக மயிர் போகாத தோல். குத்திக் குருதி எடுக்கப் பழக, செத்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். புரையோடிய புண்ணில் சலாகையை விட்டுத் துழாவப் பூச்சி அரித்த மரம், மூங்கில், காய்ந்த சுரைக்குடுக்கையின் வாய். உள்ளே தைத்ததைப் பிடுங்கப் பலா, கோவை, வில்வப் பழங்களின் சதையும் செத்த விலங்கின் பல்லும். வடிக்க மெழுகு பூசிய இலவம்பலகை. தையலுக்குக் கனத்த துணியின் ஓரமும் மெல்லிய தோலின் ஓரமும். சூடு போடவும் காரம் வைக்கவும் மெத்தென்ற இறைச்சித் துண்டு. குழல் செலுத்தப் பழக நீர் நிறைந்த குடம். கட்டுப் போடுவதற்கு முழு ஆளின் வடிவம் தேவைப்பட்டது. அதற்கு உறுப்புகள் எல்லாம் அமைந்த மனிதப் பொம்மை.

சந்தைச் சாமான் கணக்குப்போலத் தோன்றும் இந்தப் பட்டியலில் நுட்பமான தேர்வு இருக்கிறது. தாமரைத் தண்டு நாளத்தைப்போல மேலே மெல்லிய சுவரும் உள்ளே வெற்றிடமும் கொண்டது. ஊசி சற்று ஆழமாகப் போனால் மறுபக்கம் வந்துவிடும். பூச்சி அரித்த மரத்துள் ஓடும் துளை எங்கே வளைகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, சலாகையின் முனைக்குத்தான் தெரியும். கற்கவேண்டிய ஒரு செயலுக்குத் தேவையான ஒரு குணம் அந்தப் பொருளில் இருந்தால் போதும், நோயாளியின் முழுச் சாயல் வேண்டியதில்லை என்பது இதன் அடிப்படை. பெருஞ்செலவில் கணினிப் பொம்மைகளைச் செய்த இருபதாம் நூற்றாண்டு இதே முடிவுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. இன்றும் ஊசி போடப் பழகும் செவிலிய மாணவியின் கையில் இருப்பது ஆரஞ்சுப் பழம். இந்தியாவில் கண் அறுவை பயிலும் இளம் மருத்துவர்கள் கண்புரை நீக்கக் கத்தி வைத்துப் பழகுவது ஆட்டுக்கண்ணில்.

சீனத்தில் இந்த எண்ணம் தேர்வுக்கூடத்துக்குப் போனது. சொங் அரச மரபின் காலத்தில், பேரரசர் ரென்சொங்கின் ஆணைப்படி, வாங் வெய்யி என்ற மருத்துவர் 1027இல் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். அக்குபங்சர் ஊசி ஏற்றும் புள்ளிகள் 600க்கும் மேல் அவற்றின் உடலில் துளைகளாக இருந்தன. தேர்வு நாளில் உருவத்தின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்பிவிடுவார்கள். மாணவர் சரியான இடத்தில் குத்தினால் ஊசி உள்ளே இறங்கி நீர் கசியும்; தவறினால் வெண்கலத்தில் முட்டி நிற்கும். தேர்வாளரின் தயவுக்கோ கோபத்துக்கோ அங்கே வேலையில்லை. அசல் உருவங்கள் இரண்டும் பின்னாளில் காணாமற்போயின. பிற்காலப் படிகள்தாம் எஞ்சின.

ஐரோப்பாவில் பாவனைப் பயிற்சி பிரசவ அறையிலிருந்து வளர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. பிரசவத்தில் கை கண்ணை நம்பமுடியாது. தலை எப்படித் திரும்பியிருக்கிறது, முதலில் வருவது காலா கையா என்பதை விரல் நுனிதான் சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் போலோஞாவின் ஜொவான்னி அந்தோனியோ கால்லி கண்ணாடியால் ஆன கருப்பை ஒன்றைப் பயிற்சிக்கு வைத்திருந்தார். மாணவரின் கண்ணைக் கட்டிவிட்டு, உள்ளே இருக்கும் குழந்தைப் பொம்மையை எடுக்கச் சொல்வார். கை என்ன செய்கிறது என்பது மாணவருக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும்.

அந்த நூற்றாண்டில் இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் ஒரு மருத்துவச்சி. ஆஞ்செலிக் மார்கரித் து குத்ரே பாரிசில் தொழில் கற்று, பின்னர் நடு பிரான்சின் ஒவேர்ஞ் பகுதிக்குப் போனார். அங்கே பிரசவம் பார்த்துவந்த பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. தாயும் சேயும் சாவது கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாததைத் தொட்டுப் புரியவைக்க அவர் ஒரு பொம்மை செய்து, அதை ‘எந்திரம்’ என்றே அழைத்தார். பெண்ணின் இடுப்பும் தொடையின் மேற்பகுதியும் அளவு மாறாமல் தோல்நிறத் துணியாலும் மெல்லிய தோலாலும் தைக்கப்பட்டு, உள்ளே பஞ்சு அடைக்கப்பட்டிருந்தன. வழி விரிவதையும் சுருங்குவதையும் காட்டக் கயிறுகளும் வார்களும் இருந்தன. கூடவே ஒரு குழந்தைப் பொம்மை. அதன் மூக்கு தைத்து எடுப்பாக்கப்பட்டிருந்தது, தலைமுடி மையால் வரையப்பட்டிருந்தது, வாய் திறந்திருந்தது. வாய்க்குள் நாக்கும், விரலை விடும் அளவுக்கு ஆழமும் இருந்தன. கால் முன்னால் வரும் பிரசவத்தில் தலை சிக்கிக்கொண்டால் குழந்தையின் வாயில் விரல் வைத்துத் தலையைக் குனியவைப்பதுண்டு. அதைப் பழகத்தான் அந்த வாய். பின்னாளில் செய்த எந்திரங்களில் நீரும் சிவப்புச் சாயமும் ஊறிய பஞ்சுகளை வைத்து, பனிக்குடம் உடைவதையும் குருதி வருவதையும்கூடக் காட்டினார்.

1759இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு நாடெங்கும் சென்று கற்பிக்கும் ஆணை வழங்கினார். மன்னருக்கு இருந்த அக்கறை கருணையில் மட்டும் பிறந்ததன்று. நாட்டின் மக்கள்தொகை தேய்ந்துவருகிறது என்ற அச்சம் அரண்மனையில் இருந்தது. பிறக்கும்போதே சாகும் குழந்தை வருங்காலத்தில் ஓர் உழவனும் ஒரு படைவீரனும் இல்லாமற்போவது. 1760 முதல் 1783 வரை து குத்ரே தம் எந்திரத்தோடு ஊர் ஊராகப் போனார். வகுப்பு ஏறத்தாழ இரண்டு மாதம் நடக்கும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதே பிரசவத்தை, அதே சிக்கலை, ஆசிரியை போதும் என்று சொல்லும்வரை செய்துகாட்டுவார்கள். அவர் கற்பித்த பெண்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. கிளம்பும்போது ஓர் எந்திரத்தை ஊராரிடம் விற்றுவிட்டு, அதை வைத்துத் தொடர்ந்து கற்பிக்க அந்தப் பகுதியின் அறுவை மருத்துவரைப் பழக்கிவிட்டுப் போவார். பயிற்றுநருக்கும் பயிற்சி வேண்டும் என்று கண்டதற்காகவே அவரை இத்துறையின் முன்னோடி என்று சொல்லலாம்.

அதே காலத்தில் பிளாரன்சின் லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில் மெழுகுச் சிற்பிகள் உடலைத் திறந்துவைத்த அழகிய உருவங்களைச் செய்தார்கள். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் செய்வித்து, 1785இல் வியன்னாவில் திறந்த இராணுவ மருத்துவர் கல்லூரிக்குக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கொண்டுவரச் செய்தார். அவை பார்ப்பதற்கானவை. தொட்டுப் பழகினால் மெழுகு உடையும். இந்த வரலாற்றில் அவற்றுக்கு ஓர் ஓரத்து இடமே உண்டு.

வியன்னாவுக்கு இதைவிடப் பெரிய ஓர் இடம் இருக்கிறது, அது துயரமான இடம். அந்நகரப் பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவை நடத்திய யோஹான் லூகாஸ் போயர், மாணவர்களுக்குப் பொம்மையில்தான் கற்பிப்பேன், பிணத்தில் கற்பிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவருக்குப் பின் 1820களில் பொறுப்பேற்ற யோஹான் கிளைன் பொம்மையை ஒதுக்கிவிட்டுப் பிணத்தில் பழகவைத்தார். பிணவறையிலிருந்து மாணவர்கள் நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். பிள்ளைபெற்ற பெண்களின் சாவு பல மடங்கு கூடியது. 1840இல் அங்கிருந்த இரண்டு பிரிவுகளில் முதலாவது மருத்துவ மாணவர்களுக்கும் இரண்டாவது மருத்துவச்சிகளுக்கும் என ஒதுக்கப்பட்டபின் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. மாணவர் பிரிவில் சாவு விகிதம் சராசரியாக 10 விழுக்காட்டை ஒட்டியும், பிணம் தொடாத மருத்துவச்சிகள் பிரிவில் 4ஐ ஒட்டியும் இருந்தது. முதல் பிரிவில் சேர்க்கவேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு மன்றாடினார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்த பிறகே சாவு இறங்கியது. அந்தப் பெயரைக் கை கழுவலோடு சேர்த்து எல்லாரும் அறிவார்கள். பயிற்சிக்கு எதைப் பயன்படுத்தினார்கள் என்பதும் அதே கதையின் பாதி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அங்கே வந்த பெண்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். சிகிச்சை இலவசம்; பதிலுக்கு உடலை மாணவர்களின் பழக்கத்துக்குத் தரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசிலும் வியன்னாவிலும் லண்டனிலும் மருத்துவக் கல்வி நின்றது இந்த எழுதாத ஒப்பந்தத்தின் மேல். நம்மூரில் ‘தர்மாஸ்பத்திரி’ என்று சனங்கள் சொன்ன இடங்களும் இதே ஏற்பாட்டில்தான் கற்பித்தன. காசுள்ளவர் வீட்டுக்கு மூத்த மருத்துவர் போவார். காசில்லாதவரின் கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம் நிற்கும். ஏழையின் உடல் வேண்டிய அளவு கிடைத்தவரை பொம்மை செய்யும் அவசரம் மருத்துவர்களுக்கு இருக்கவில்லை. பாவனைப் பயிற்சி அந்த நூறாண்டு தேங்கிக்கிடந்ததற்குத் தொழில்நுட்பக் குறைவைவிட இதுவே பெரிய காரணம். து குத்ரேயிடம் இருந்த ஊசியும் நூலும் அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இருக்கத்தான் செய்தன.

பொம்மையைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் செவிலியர்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் துடைத்துவிடவும் பழகுவதற்கு உறுதியான ஓர் ஆளுயரப் பொம்மை வேண்டும் என்று ரோட் ஐலண்டு மாநிலத்தில் துணிப் பொம்மை செய்துவந்த மார்த்தா ஜெங்க்ஸ் சேஸைக் கேட்டது. 1911இல் வந்த அந்தப் பொம்மைக்கு ‘மிஸஸ் சேஸ்’ என்ற பெயர் நிலைத்தது. கை கால் மடங்கும். அதுவரை வைக்கோல் அடைத்த உருவங்களோடு மல்லுக்கட்டிய மாணவிகளுக்கு அதுவே பெரிய வசதி. அடுத்த சில ஆண்டுகளில் ஊசி போடுவதற்குக் கையில் ஓர் இடமும், குழல் செலுத்திப் பழக உடலுக்குள் ஒரு தொட்டியும் சேர்ந்தன.

விமானத் துறை இதே காலத்தில் மருத்துவத்தை முந்திப் போனது. குழாய் ஆர்கன் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், ஆர்கனின் துருத்தியையும் காற்றுக்குழாயையும் கொண்டு, தரையிலேயே ஆடிச் சாயும் பயிற்சி விமானம் ஒன்றை 1929இல் உருவாக்கினார். முதலில் அதைக் கண்காட்சி விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார்கள். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கப் புறப்பட்டு, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களில் பலர் மாண்டபின், இராணுவம் ஆறு பயிற்சிப் பெட்டிகளை வாங்கியது. விமானம் விழுந்தால் ஓட்டுபவரும் சாவார். அறுவை மேசையில் அந்த நியதி இல்லை.

மருத்துவத்தில் எல்லாருக்கும் தெரிந்த பொம்மை நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் பிறந்தது. ஆஸ்மண்ட் லேர்டால் விளையாட்டுச் சாமான் உற்பத்தியாளர். மென்மையான பிளாஸ்டிக் வந்த புதிதில் அதில் கார்களும் ‘ஆன்’ என்ற தூங்கும் பொம்மையும் செய்து பெயர் எடுத்தவர். 1950களில் அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கி மூச்சற்றுப்போக, அவரே தூக்கிக் காப்பாற்றினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சாஃபர், வாயோடு வாய் வைத்து ஊதுவதே மூச்சு நின்றவரைக் காக்கும் சிறந்த வழி என்று நிறுவிக்கொண்டிருந்தார். அவர் பரிசோதித்த முறை இன்றைய வாசகரைத் திடுக்கிடவைக்கும். மயக்க மருந்தும் தசைகளை முடக்கும் மருந்தும் கொடுத்துச் சொந்த மூச்சை நிறுத்திய தன்னார்வலர்களுக்குப் பிறர் மூச்சு ஊதினார்கள். அறிவியல் நிறுவப்பட்டது. ஆனால் நாட்டு மக்கள் அனைவருக்கும் கற்றுக்கொடுக்க இந்த வழி ஆகாதே. நார்வேயின் மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் லிண்ட் வழியாக இந்தச் செய்தி லேர்டாலை எட்டியது. ஊதினால் நெஞ்சு எழும்பும் பொம்மையை அவர் 1960இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கவ்வென்ஹோவனும் அவருடன் பணியாற்றியவர்களும் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று அறிவித்தார்கள். சாஃபரின் யோசனைப்படி பொம்மையின் மார்புக்குள் ஒரு சுருள்வில் ஏறியது.

ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூசுவார்கள் என்று கருதி லேர்டால் பெண் முகத்தைத் தேர்ந்தார். அந்த முகம் உறவினர் வீட்டுச் சுவரில் அவர் பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் பரவிய ஓர் அடையாளம் தெரியாத பெண்ணின் முகப்படிவம் அது. செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்தவளின் முகத்தில் எடுத்த அச்சு என்பது வழிவழிக் கதை. ‘ரெசஸ்ஸி ஆன்’ என்ற பெயரில் உலகெங்கும் போன இந்தப் பொம்மையில் மருத்துவம் அறியாத கோடிக்கணக்கானோர் உயிர்மீட்பு பழகியிருக்கிறார்கள். இன்று அதன் மார்பை 5 செ.மீ. முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும். ஆழம் போதுமானால் உள்ளே ‘டக்’ என்று ஒலிக்கும் வகைகள் உண்டு. இரண்டாவது நிமிடத்திலேயே தோள் வலித்து ஒலி நின்றுபோவதைப் பயில்பவர் தம் காதாலேயே கேட்பார். நெஞ்சு அழுத்துபவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏன் மாற்றவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

கணினி வந்தபோது ஆசைகள் பெரிதாயின. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் மருத்துவர் ஜட்சன் டென்சனும் கல்வியாளர் ஸ்டீபன் ஆப்ரகாம்சனும், ஒரு விண்வெளிப் பொறியியல் நிறுவனத்தின் துணையோடு 1960களின் நடுவில் ‘சிம் ஒன்’ என்ற உருவத்தைக் கட்டினார்கள். அது மூச்சு விட்டது, கண் சிமிட்டியது, மருந்துக்கு ஏற்ப நாடித்துடிப்பு மாறியது. உருவானது ஒன்றே ஒன்று. அதன் விலையைப் பார்த்து வேறு எவரும் வாங்க முன்வரவில்லை. இரண்டாவது பிறக்காமலே அது முடிந்தது. 1968இல் மயாமியில் மைக்கேல் கார்டன் வெளியிட்ட ‘ஹார்வி’ அவ்வளவு பேராசைப்படவில்லை. இதயத்தின் ஒலி, நாடி, கழுத்து நாளத்தின் துடிப்பு ஆகியவற்றை மட்டும் பல நோய்களுக்கு ஏற்ப மாற்றிக்காட்டும் பொம்மை அது. சுசுருதர் பட்டியலின் அறிவு அதில் இருந்தது. அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சிம் ஒன் உருவான அதே பல்கலைக்கழகத்தில் செலவில்லாத இன்னொரு வழியும் பிறந்தது. நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ் 1963இல் ஓவியர்களுக்கு அமரும் மாடல் பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, நரம்பு நோயால் கால் முடங்கிய ‘பேட்டி டகர்’ என்ற நோயாளியாக நடிக்கவைத்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைப் பரிசோதிப்பார்கள். முடிந்ததும் அந்தப் பெண், மாணவர் என்ன கேட்டார், எதை விட்டார், எப்படி நடந்துகொண்டார் என்று குறித்துக்கொடுப்பார். இந்த யோசனையின் விதை பற்றிப் பாரோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தது சுவையானது. நரம்பியல் தேர்வுகளுக்கு வரவழைக்கப்படும் நிசமான நோயாளி ஒருவர், ஒரு தேர்வர் தம்மை முரட்டுத்தனமாகக் கையாண்டதால், வேண்டுமென்றே தம் உடற்குறிகளை மாற்றிக் காட்டிவிட்டதாக அவரிடம் சொன்னாராம். நோயாளியால் நடிக்க முடியுமென்றால், நடிகரால் நோயாளி ஆக முடியாதா?

மருத்துவ உலகம் முதலில் இதைச் சினிமாக்காரர் வேலை என்று இகழ்ந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன், மணி அடித்தால் மேசை மாறும் செய்முறைத் தேர்வை அறிமுகப்படுத்தியபின் நடிகர்-நோயாளிக்கு நிலையான வேலை கிடைத்தது. ‘ஆஸ்கி’ என்று நம் மாணவர்கள் நடுங்கும் தேர்வு அதுதான். எல்லாருக்கும் ஒரே நோயாளி, ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் தாள். வாங் வெய்யியின் வெண்கல உருவத்துக்கு இருந்த நடுநிலைமையை மனிதருக்குக் கொண்டுவரும் முயற்சி.

அதுவரை பயிற்சி என்றால் ஒருவரின் கைத்திறன். 1980களின் இரண்டாம் பாதியில் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் காபா அதை ஒரு குழுவின் திறனாக மாற்றினார். அவர் கவனம் பொம்மையைவிட அறையில் இருந்தது. நிசமான அறுவை அரங்கு, நிசமான கருவிகள், நிசமான இரைச்சல், நடுவில் ஒரு பொம்மை. 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபின், விமானத் துறை தன் பணியாளர்களுக்குக் குழுவாகப் பேசவும் மேலதிகாரியைத் தடுத்துச் சொல்லவும் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. காபா அதை மயக்கவியலுக்கு எடுத்துவந்தார். 1990இல் நெருக்கடி மேலாண்மை வகுப்பு தொடங்கியது.

அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் நடப்பது இது. பொம்மையின் இதயம் நிற்கிறது. “அட்ரினலின் குடுங்க” என்று மருத்துவர் யாரையும் பார்க்காமல் சொல்கிறார். இரண்டு செவிலியர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒருவர் மருந்தை எடுத்துப் போடுகிறார், போட்டதைச் சொல்லவில்லை. அரை நிமிடம் கழித்து மற்றவரும் போடுகிறார். மருந்தின் பெயரும் 1 மி.கி. அளவும் மூவருக்கும் மனப்பாடம். முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து ஒளிப்பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த தடவை மருத்துவர் பெயர் சொல்லிக் கேட்கிறார், செவிலியர் “1 மி.கி. அட்ரினலின் போட்டாச்சு டாக்டர்” என்று திருப்பிச் சொல்கிறார். இந்த உட்கார்ந்து பேசுதலுக்கு ‘டிபிரீஃபிங்’ என்று பெயர். கற்றல் பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கிறது என்பது இத்துறையினரின் பொதுக்கருத்து. பொம்மை வாங்கிய பல இடங்களில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம், அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை தவிர்க்கக்கூடிய பிழைகளால் இறப்பதாக மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. அதன்பின் பயிற்சிக்கூடங்களுக்குப் பணம் வந்தது. பணத்தோடு, இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்வியும் வந்தது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேரைக் கணினித் திரையில் பழகவைத்துப் பித்தப்பை அறுவைக்கு அனுப்பினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு விரைவாகவும், குறைவான பிழைகளோடும் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். இதைவிட அழுத்தமான சான்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர சவுத்மீட் மருத்துவமனையிலிருந்து வந்தது. பிரசவத்தில் தலை வெளிவந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வதுண்டு. பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்தால் கைக்குப் போகும் நரம்புகள் கிழிந்து குழந்தையின் கை முடங்கும். அந்த மருத்துவமனையின் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அனைவரும் ஒன்றாக, இழுக்கும் விசையை அளக்கும் பொம்மையில் ஆண்டுதோறும் பழகினார்கள். பயிற்சிக்கு முன் இப்படி மாட்டிக்கொண்ட குழந்தைகளில் 9.3 விழுக்காடு காயமடைந்தன. பயிற்சிக்குப் பின் அது 2.3 விழுக்காடாயிற்று. 2008இல் இது வெளியானது. து குத்ரேக்கு 250 ஆண்டுகளுக்குப் பின் அவர் சொன்னதற்குக் கணக்குக் கிடைத்தது.

ஏழை நாடுகளுக்கான பொம்மைகளும் து குத்ரேயின் வழிக்கே திரும்பின. 2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தொடங்கிய, பிறந்த குழந்தை மூச்சுவிட உதவும் திட்டத்தில் பயன்படும் பொம்மை மடித்துப் பைக்குள் வைக்கக்கூடியது. அதனுள் வெதுவெதுப்பான நீர் நிரப்பினால் பச்சைக்குழந்தையின் எடையும் துவண்ட கழுத்தும் வந்துவிடும். சிறு பல்பை அமுக்கினால் தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும். மின்சாரம் வேண்டாம். அதன் இணையான தாய்ப் பொம்மையைப் பயிற்றுநர் தம் இடுப்பில் கட்டிக்கொள்வார். வலி எடுத்ததுபோல முனகுவார், கையை உள்ளே விட்டுக் குழந்தையைத் தள்ளுவார், குழாயைத் திறந்து சிவப்பு நீரைக் கொட்டவிடுவார். மருத்துவச்சி பொம்மையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே இருக்கும் முகத்தையும் பார்த்துப் பேசவேண்டும். பாரோஸின் நடிகையும் து குத்ரேயின் எந்திரமும் அங்கே ஒன்றாகின்றன.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் இளநிலை மருத்துவப் பாடத்திட்டம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஸ்கில்ஸ் லேப் இருக்கவேண்டும் என்றது. முதலாண்டு மாணவர் கல்லூரிக்குள் நுழைந்த முதல் மாதத்திலேயே உயிர்மீட்பு முதலுதவியைப் பழகவேண்டும் என்றும் அது சொன்னது. அறை கட்டிப் பொம்மை வாங்குவது எளிது. ஒரு மணி நேரம் மாணவரோடு உட்கார்ந்து பழக்கிப் பேசும் ஆசிரியரைத் தருவது கடினம். வெளிநோயாளர் வரிசை வாசல்வரை நீளும் ஊரில் ஏழையின் கை இன்னும் எளிதில் எட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சபலம் இங்கே முற்றிலும் போய்விடவில்லை.

து குத்ரே செய்த எந்திரங்களுள் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பிரான்சின் ரூவான் நகரத்து மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில், தையல் பிரியாமல், குழந்தைப் பொம்மையோடு இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் இருந்தது ஓர் இளம்பெண்ணின் உண்மையான இடுப்பெலும்பு.